உலக சினிமா பார்த்தால் தூக்கம்தான் வருகிறது. குறை என்னிடமா, படங்களிடமா?

‘சாவதற்குள் பார்க்க வேண்டிய நூறு படங்கள்’ என்று யாரோ பட்டியல் கொடுத்திருப்பார்கள், முதல் படத்திலேயே கொட்டாவி விட்டிருப்பீர்கள். எனக்கும் அதே கதைதான். நான் விமர்சகன் இல்லை, வங்கியில் கணக்குப் பார்க்கிறவன். சினிமா படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

எனக்கு வாய்த்தது ஜப்பானிய இயக்குநர் ஓஸுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’, 1953. ஒனோமிச்சி என்ற ஊரிலிருந்து வயதான தம்பதி பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோ வருகிறார்கள். பிள்ளைகளுக்கு நேரமில்லை. அவ்வளவுதான் கதை, 136 நிமிடம். கேமரா தரையோடு தரையாக இருக்கும், ஏறக்குறைய அசைவதே இல்லை. நடுநடுவே புகைபோக்கி, கொடியில் காயும் துணி. முக்கால் மணி நேரத்தில் ஓட்டிவிட ரிமோட்டை எடுத்துவிட்டேன்.

அப்போதுதான் அம்மா முறத்தில் பூண்டோடு வந்து உட்கார்ந்தாள். சப்டைட்டில் படிக்கத் தெரியாது, இடையிடையே நான் சொன்னேன். பிள்ளைகள் காசு போட்டு அப்பா அம்மாவை அதாமி வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்பிவிடுகிறார்கள். இரவெல்லாம் பக்கத்தில் பாட்டும் கூத்தும், தூக்கமில்லை. காலையில் இருவரும் கடலோரச் சுவர்மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். எழுந்திருக்கும்போது அந்தக் கிழவி ஒரு நொடி தள்ளாடிக் குனிகிறாள். எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. அம்மா உரித்த பூண்டைக் கீழே வைத்துவிட்டு, “இந்தம்மா ஊர் போய்ச் சேர்ந்தாலே பெரிசு” என்றாள். அந்தக் கிழவி ஊர் திரும்பினாள், ஆனால் பிழைக்கவில்லை.

சாவு வீட்டுச் சாப்பாட்டின்போதே மகள் செத்தவளின் கிமோனோவைக் கேட்பாள். “உங்க பாட்டி போன அன்னிக்கே பெரியத்தை பட்டுப்புடவை எங்கன்னு கேட்டாளே...” என்று ஆரம்பித்த அம்மா நிறுத்த அரைமணி நேரமானது. கிழவராக நடித்த சிஷு ரியூவுக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை என்றேன். நம்பவே மாட்டேன் என்றுவிட்டாள்.

மெதுவான படமெல்லாம் நல்ல படம் என்று நான் சொல்லவில்லை, கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள். சும்மா இழுக்கிற படங்களும் விருது வாங்கியிருக்கின்றன. நீங்கள் ஓஸுவின் ‘குட் மார்னிங்’ (1959) படத்திலிருந்து தொடங்குங்கள். டிவி வாங்கித் தரும்வரை பேச மாட்டோம் என்று இரண்டு பொடியன்கள் வாயை மூடிக்கொள்வார்கள், நடுவில் ஏகப்பட்ட குசு ஜோக். தூங்க மாட்டீர்கள்.

படவிழாவுக்கு மட்டும் அவசரப்பட்டுப் போகாதீர்கள். போன முறை ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று உள்ளே போனால், ஒரே ஆள் ஆறு சீட்டுக்குத் துண்டும் கர்ச்சீப்பும் போட்டு வைத்திருந்தார். நான் படிக்கட்டில் உட்கார்ந்தேன். அந்த ஆறு பேரும் அரைமணி நேரத்தில் எழுந்து, என் காலை மிதித்துக்கொண்டு வெளியே போனார்கள்.