அவக் அவக்கென்று தின்னும் குதிரை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அந்தியூர் ஆடிச் சந்தையில புடிச்ச மார்வாரி பெண் குதிரைங்க. காத்தால மூணு கிலோ, பொழுதோட மூணு கிலோன்னு காஞ்ச கொழுக்கட்டைப் புல்லு போடறோம். ரெண்டு மணி நேரத்துல தொடச்சு வெச்சுட்டு, கீழ பரப்புன வைக்கோலையும் லத்தியையும் தின்னுது. புல்லக் கொறச்சா சரியாகுங்களா?
– வாசகர், காங்கேயம்

பதில்: குறைக்காதீர்கள். குறைத்தால் வேகம் இன்னும் கூடும். மாட்டுக் கட்டுத்தரைப் பழக்கத்தைக் குதிரைக்கும் வைப்பதில்தான் கோளாறே இருக்கிறது. மாடு நிறையத் தின்று படுத்து அசைபோடும். குதிரைக்கு அசைபோடும் வயிறு இல்லை. அதன் இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான் பிடிக்கும். அதில் அமிலம் இரவு பகல் நிற்காமல் சுரக்கிறது. அதை ஆற்றும் உமிழ்நீரோ மென்றால் மட்டுமே ஊறும். நீங்கள் சொல்லும் கணக்குப்படி இரண்டு வேளைக்கும் நடுவே சுமார் பத்து மணி நேரம் வயிறு காய்கிறது. இரைப்பைப் புண்ணும் சூலை எனும் கடும் வயிற்று வலியும் வருவது இப்படித்தான். பசியில் வைக்கோலை அள்ளித் தின்றால் அது குடலில் அடைத்துக்கொள்ளவும் கூடும்.

முதலில் எடையைக் கணக்கிடுங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் அளக்கவும். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 160, நீளம் 140 என்றால் ஏறக்குறைய 300 கிலோ. அந்தக் குதிரைக்கு அதன் எடையில் 2 சதவீதம், அதாவது ஈரம் அறவே நீங்கிய கணக்கில் ஆறு கிலோ தீவனம் வேண்டும்; காய்ந்த புல்லிலும் கொஞ்சம் ஈரம் இருப்பதால் நாளுக்கு ஆறரை கிலோவுக்குக் குறையாமல் போடுங்கள். கொழுத்த குதிரையாக இருந்தாலும் ஐந்து கிலோவுக்குக் கீழே இறக்காதீர்கள். கைக்கணக்கு ஏமாற்றும், கொக்கித் தராசில் நிறுத்துப் போடுங்கள்.

அதை நான்காகப் பிரியுங்கள்: காலை 6 மணிக்கு ஒன்றரை கிலோ, 11 மணிக்கு ஒரு கிலோ, மாலை 4 மணிக்கு ஒன்றரை, இரவு 9 மணிக்கு இரண்டரை. இரவுப் பங்கு பெரிதாக இருக்க வேண்டும், ஏனென்றால் விடியும்வரை யாரும் போடப் போவதில்லை. புல்லை வலையில் போடுங்கள்; கண் வழியே கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இழுத்துத் தின்ன முடியும். தடித்த முறுக்கு நூலில் பின்னிய, ஒன்றரை அங்குலக் கண் உள்ள வலை போதும். அதற்கும் வேகம் அடங்காவிட்டால் ஒரு வலைக்குள் இன்னொன்றைப் போட்டு இரட்டையாக்கலாம்.

எடுத்த எடுப்பில் முழுத் தீவனத்தையும் வலைக்குள் அடைத்துவிடக் கூடாது. முதல் வாரம் பாதியைத் தரையில் உதிரியாகப் போட்டு, பசி கொஞ்சம் அடங்கியபின் வலையைக் காட்டுங்கள். பழகப் பழக உதிரியைக் குறைக்கலாம். வலையைக் கடித்து இழுத்துக் காலை உதைத்தால் கண் சிறிது என்று அர்த்தம். பெரிய கண்ணுக்கு மாறுங்கள். எந்நேரமும் வாய்க்கு வேலை இருக்க வேண்டும். வெறும் வயிறு நான்கு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

கேள்வி: லாடம் அடிச்ச குதிரைக்கு வலை கட்டலாமுங்களா? எவ்வளவு ஒசரம்?
– வாசகர், தாராபுரம்

பதில்: லாடம் அடித்த குதிரைக்குத் தொங்கும் வலை வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. லாடத்தின் பின்முனை வலைக் கண்ணில் மாட்டினால் குதிரை மிரண்டு இழுக்கும். கால் எலும்பே முறியலாம். 200 லிட்டர் நீல டிரம்மைப் பாதியாக அறுத்து, விளிம்பின் கூர்மையை அராவி, அடியில் நான்கு ஓட்டை போட்டுச் சுவரோரம் அசையாமல் நிறுத்துங்கள். உள்ளே புல், மேலே வலை. புல் குறையக் குறைய வலையும் கூடவே இறங்குமளவு தளர்வு இருக்கட்டும், ஆனால் குளம்பு நுழைய இடம் இருக்கக் கூடாது. தலை தாழ்த்தித் தின்பது கழுத்துக்கும் முதுகுக்கும் இயல்பு. தூசும் கண்ணில் விழாது.

லாடமில்லாத குதிரைக்குத் தொங்கவிடுவதானால், காலியான வலை எவ்வளவு தொய்யும் என்று முதலில் பாருங்கள். தொய்ந்த பிறகும் முன்னங்காலைத் தூக்கினால் எட்டாத உயரத்தில் கட்ட வேண்டும். இழுத்தால் அவிழும் முடிச்சுப் போடுங்கள். வளையத்தில் நேரே கட்டாமல் நடுவே ஒரு சணல் கயிறு கொடுத்தால், ஆபத்தில் அது அறுந்து குதிரையைக் காப்பாற்றும்.

கேள்வி: வெங்காயச் சாக்கு, மீன் வலை, இரும்புக் கம்பி வலை – எது தோது?
– வாசகர், பெருந்துறை

பதில்: மூன்றும் ஆகாது. சாக்கு நூல் பிரிந்து குடலுக்குள் போகும். மெல்லிய மீன் வலை ஈறை அறுக்கும். கம்பி, முன்பற்களைத் தேய்க்கும்.

கேள்வி: சோளத்தட்டை வலையில போடலாமுங்களா?
– வாசகர், கோபி

பதில்: முழுத் தீவனமாகச் சோளத்தட்டை நம்ப வேண்டாம். இளஞ்சோளத்தில் சயனைடு நஞ்சு உண்டு. பச்சைச் சோளத்தை மேயும் குதிரைக்குப் பின்னங்கால் தள்ளாடி, மூத்திரப்பை செயலிழக்கும் நோயும் வரும். முற்றி நன்றாகக் காய்ந்த தட்டை, கொழுக்கட்டைப் புல்லோடு சிறு பங்காகச் சேர்க்கலாம். முழுத் தண்டு வலைக் கண்ணில் குறுக்கே சிக்கும். ஒரு சாண் நீளத்துக்கு வெட்டுங்கள். எந்திரத்தில் பொடியாக நறுக்கினால் மெல்லாமல் விழுங்கிவிடும், வலை போட்டதே வீண். போரில் பூஞ்சணம் பிடித்த தட்டு மாட்டுக்குத் தாங்கினாலும் குதிரைக்கு ஆகவே ஆகாது.

கேள்வி: புல்லு மெதுவாத் திங்குது, கொள்ளு மட்டும் அள்ளி முழுங்குது. ஒருநாள் மூக்கு வழியா வந்துருச்சுங்க.
– வாசகர், அந்தியூர்

பதில்: அது உணவுக்குழாய் அடைப்பு; அலட்சியம் கூடாது. கொள்ளை நன்றாக ஊறவைத்தோ வேகவைத்தோ, புல் தின்ற பிறகு அகலமான தொட்டியில் மெல்லிசாகப் பரப்புங்கள். வாயில் கவ்வ முடியாத, இரண்டு கைப்பிடி அளவுள்ள வழவழப்பான ஆற்றுக் கற்கள் நாலைந்தைப் போட்டால் தள்ளித் தள்ளித்தான் தின்ன முடியும். பல்லையும் காட்டுங்கள்: ஓரம் கூர்மையான கடைவாய்ப் பல்லால் மெல்ல முடியாமல் விழுங்கும் குதிரைகள் அதிகம்.

மறுபடி மூக்கில் எச்சிலும் தீவனமும் வழிந்தால் தொட்டியையும் தண்ணீரையும் உடனே எடுத்துவிட்டு, தலையைத் தாழ்வாக வைத்திருந்து கால்நடை மருத்துவரை அழையுங்கள். எண்ணெயோ தண்ணீரோ வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும்.