வேல்யூவர் ஏன் கம்மியா போட்டாரு? வாசகர் கேள்விகள் ஏழு

போன தடவை வீட்டு வேல்யூவேஷன் பத்தி ரெண்டு வரி சொன்னதுக்கே கேள்வி குவிஞ்சிருச்சு. ஒரே மாதிரி வந்ததை எல்லாம் சேர்த்து ஏழாக்கிட்டேன். இருபது வருஷத்துக்கு மேல வேல்யூவரா, அதாவது வீட்டுக்கு மதிப்பு போட்டு ரிப்போர்ட் குடுக்கிறவனா, டேப்பும் கையுமா வீடு வீடா ஏறி இறங்கின ஆளு நான், அந்த அனுபவத்துல சொல்றேன்.

தாம்பரம் பக்கம் 70 லட்சத்துக்கு வீடு பேசி முடிச்சேன். பேங்க் வேல்யூவர் இருபது நிமிஷம் சுத்திப் பாத்துட்டு 62னு போட்டுட்டார். வேணும்னே குறைக்கிறாங்களா?

அப்படி இல்லைங்க. நீங்க பேசினது உங்களுக்கு அந்த வீடு எவ்வளவு அவசியம்கிற விலை. அடுத்த தெருவுல மாமியார் வீடு இருந்தா அஞ்சு லட்சம் கூடக் குடுத்துருவீங்க (இல்ல, அஞ்சு லட்சம் குறைச்சுக் கேப்பீங்க). அவர் பாக்கறது, முன்பின் தெரியாத ஒருத்தர் எந்த அவசரமும் இல்லாம வாங்கினா என்ன குடுப்பாருன்னு.

இருபது நிமிஷம்தான் உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுது. பத்திரம், பட்டா, பிளான் காப்பி எல்லாம் தனியா உக்காந்து பாக்கணும். ஸ்பாட்ல நாலு எல்லையும் பத்திரத்தோட ஒத்துப்போகுதான்னு பாத்து அளக்கணும், பத்திரத்துல 1,200 சதுர அடி இருந்து அளந்தா 1,150 வந்தா நான் 1,150தான் எடுப்பேன். நான் முதல்ல டேப் பிடிக்கிறதே ரோட்டுலதான். காகிதத்துல 23 அடி ரோடுன்னு இருக்கும், ஆளாளுக்குப் படிக்கட்டையும் சாய்தளத்தையும் வெளிய இழுத்து விட்டு 17 அடியா நிக்கும், கார் வந்தா பைக் ஒதுங்கணும், அங்கயே விலை இறங்கிரும். கெளம்பறப்போ முனைக்கடையில டீ சொல்லிட்டு "இங்க கிரவுண்டு என்ன போகுது"ன்னு கேப்பேன், அப்புறம் ரெண்டு புரோக்கருக்கு போன்.

மனைக்குத் தனிக் கணக்கு, கட்டடத்துக்குத் தனிக் கணக்கு. ஆர்சிசி (கம்பி போட்ட கான்கிரீட்) கட்டடத்துக்கு ஆயுசு 60 வருஷம், கடைசியில 10 சதவீதம் மிஞ்சும்னு வழக்கமா எடுப்போம். சும்மா கணக்குக்கு, 1,000 சதுர அடி வீடு, இன்னைக்குப் புதுசா கட்ட 22 லட்சம் ஆகும்னு வைங்க. வயசு 20னா தேய்மானம் 30 சதவீதம், மிச்சம் 15.4 லட்சம். ஓனர் பெயின்ட் அடிச்சு வச்சிருந்தாலும் வயசு மாறாது, கரண்ட் கனெக்‌ஷன் தேதியும் வீட்டு வரி போட்ட வருஷமும் காட்டிக் குடுத்துரும்.

உங்க பாக்கெட்டுக்கு இதுல என்னன்னா, 30 லட்சத்துக்கு மேல 75 லட்சம் வரைக்குமான லோனுக்கு ரிசர்வ் பேங்க் விதிப்படி அதிகபட்சம் 80 சதவீதம்தான். அந்த 80ஐ 62க்குத்தான் போடுவாங்க, 70க்கு இல்ல. 49.6 லட்சம் கிடைக்கும், மீதி 20.4 உங்க கையில இருந்து, பத்திரச் செலவு அது தனி.

கைட்லைன் வேல்யூதான் கவர்மென்ட்டே போட்டிருக்கே, அப்புறம் வேல்யூவர் எதுக்கு?

அது முத்திரைத்தாள் வசூலுக்கான ரேட். 2017 ஜூன்ல தமிழ்நாடு முழுக்க 33 சதவீதம் குறைச்சாங்க, 2023 ஏப்ரல்ல பழையபடி ஏத்துனாங்க. அந்த ரெண்டு நாள்லயும் உங்க தெருவுல யாராவது விலையை மாத்துனாங்களா? இல்லல்ல. கொடுமை என்னன்னா நிறைய பேர் கைட்லைன் ரேட்டுக்கே பத்திரம் போடறதால ஈசியை (வில்லங்கச் சான்றிதழை) புரட்டினா தெரு பூரா ஒரே விலைக்கு வித்த மாதிரி இருக்கும், அந்த நம்பரை அப்படியே நம்ப முடியாது, அதான் டீக்கடை.

இன்டீரியருக்கு 14 லட்சம் செலவு பண்ணேன், ரிப்போர்ட்ல அதைக் காணோமே?

கழட்டி எடுத்துட்டுப் போகக்கூடியதுக்கு பேங்க் கடன் குடுக்காது. வாங்க வர்றவரும் உங்க கிச்சன் கலரைப் பாத்துட்டு மாத்தணும்னுதான் நினைப்பார்.

மயிலாப்பூர்ல 1986ல கட்டின ஃபிளாட், 900 சதுர அடி, லிஃப்ட் இல்ல. கட்டடம் கிழவாயிடுச்சு, இனி விலை இருக்குமா?

பத்திரத்தை எடுத்து யூடிஎஸ், அதாவது மொத்த மனையில உங்க ஃபிளாட்டுக்கான பங்கு, எவ்வளவுன்னு பாருங்க சார், அதுல இருக்கு விஷயம். பழைய மூணு மாடி அபார்ட்மென்ட்ல ஆளு கம்மி, அதனால ஆளுக்கு 550, 600 சதுர அடி மண்ணு கிடைக்கும், புதுசா வர்ற உயரமான டவர்ல அதே சைஸ் ஃபிளாட்டுக்கு அதுல பாதிகூட இருக்காது. கட்டடம் தேயும், மயிலாப்பூர் மண்ணு எங்க தேயப் போகுது. தண்ணி ஒழுகற சீலிங்கும் கம்பி தெரியற பால்கனியும் பாத்துட்டு முகம் சுளிக்கிறவங்க இருக்காங்க, நான் அதைக் கழிச்சுட்டு யூடிஎஸ்ஸை ரெண்டு தடவை சரிபாப்பேன். 2022 அபார்ட்மென்ட் ஓனர்ஷிப் சட்டப்படி மூணுல ரெண்டு பங்கு ஓனர்கள் சம்மதிச்சாலே இடிச்சுக் கட்டலாம், அந்த வாய்ப்பும் விலையில தெரியும். ஆனா ரோடு குறுகலா இருந்து பில்டர் கூடுதல் மாடி போட முடியாதுன்னா இந்தக் கணக்கு சுருங்கிரும்.

மாடியில பிளான் இல்லாம ரெண்டு ரூம் எழுப்பிட்டோம். சேர்ப்பீங்களா?

பேங்க் வேலைன்னா சேர்க்க மாட்டேன். "இருக்கு, அனுமதி இல்ல"ன்னு எழுதிட்டு மதிப்புல சேர்க்காம விட்டுருவேன். வாடகை வருதேன்னு சிலர் சண்டை போடுவாங்க.

அப்பா 1994ல வாங்கின வீடு. விக்கப் போறோம், லாபத்துக்கு வரி கணக்குப் போட 2001 மதிப்பு வேணும்னு ஆடிட்டர் சொல்றார். பழைய விலையை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?

2001 ஏப்ரல் 1க்கு முன்னாடி வாங்கின சொத்துக்கு வாங்கின விலையோ இல்ல அந்தத் தேதியோட நியாய விலையோ, எது சாதகமோ அதை எடுத்துக்கலாம். ஆனா அன்னைக்கு இருந்த கைட்லைன் மதிப்பைத் தாண்டக்கூடாது. அதனால முதல்ல சார்பதிவாளர் ஆபீஸ்ல 2001 ரேட்டுக்கு மனு போட்டு எழுத்துல வாங்கிருங்க. கட்டடத்துக்கு அந்த வருஷத்துக் கட்டுமான ரேட், 1994ல புதுசா கட்டினதுன்னா வயசும் அன்னைக்கு 7 வருஷம்தான். இன்னைக்கு விலையைப் பின்னாடி தள்ளி ஒரு நம்பர் எழுதிக் குடுன்னு கேட்டு வர்றாங்க, அது நிக்காது.

2024 ஜூலை 23க்கு முன்னாடி வாங்கினதுங்கறதால இன்டெக்ஸ் (விலைவாசி ஏறினதுக்கு ஏத்த மாதிரி பழைய விலையைக் கூட்டிக்கற கணக்கு) இல்லாம லாபத்துல 12.5 சதவீதம், இன்டெக்ஸோட 20, ரெண்டுல எது கம்மியோ அதைக் கட்டலாம். 2001 மதிப்பு 6 லட்சம், 2024-25ல 60க்கு வித்தீங்கன்னு வைங்க. 2001ஐ 100னு வச்சா இன்டெக்ஸ் 363, அதனால 6 லட்சம் 21.78 ஆகும், வரி 7.64 லட்சம். இன்டெக்ஸ் இல்லாம 6.75. எல்லாரும் இன்டெக்ஸ்தான் லாபம்னு நினைக்கிறாங்க, போட்டுப் பாக்காம முடிவு பண்ணாதீங்க.

லோன் பத்தலை சார், கொஞ்சம் கூட்டிப் போட்டுத் தருவீங்களா?

மாட்டேன். ரிப்போர்ட்ல அந்த வீட்டு முன்னாடி நான் நிக்கிற போட்டோ, என் கையெழுத்து, ரிஜிஸ்டர் நம்பர் எல்லாம் இருக்கு. நீங்க தவணை கட்டாம விட்டா பேங்க்ல இருந்து முதல் போன் எனக்குத்தான் வரும், "62 லட்சம் போற இடத்துக்கு 75 எப்படிப் போட்டீங்க"ன்னு.