மனக்கசப்போடு ஜெபிக்கலாமா? கேட்டதையே மறுபடியும் கேட்பது அவிசுவாசமா?

நெடுநாளாக ஒரே காரியத்துக்காக ஜெபித்தும் பதில் வராததால் கர்த்தர்மேலேயே கசப்பு உண்டாகியிருப்பதாகவும், அதை ஜெபத்தில் சொல்வது பாவமோ என்று அஞ்சுவதாகவும், ஒருமுறை கேட்டபின் ஸ்தோத்திரம் மட்டுமே சொல்ல வேண்டும், திரும்பக் கேட்பது அவிசுவாசம் என்று சபையில் ஒருவர் அறிவுறுத்தியதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கசப்பை அவரிடமே சொல்லுங்கள், கேட்பதையும் நிறுத்தாதீர்கள் என்பதே என் பதில். உள்ளதை மறைத்துச் செய்யும் ஜெபமே விரைவில் களைத்துப்போகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

88-ஆம் சங்கீதத்தைப் பாருங்கள். தேவரீர் என்னை ஏன் தள்ளிவிடுகிறீர் என்று கேட்கும் அந்தப் பாடல், பல புலம்பல் சங்கீதங்களைப்போல் இறுதியில் நம்பிக்கையின் பக்கம் திரும்புவதே இல்லை. ஆனால் அதன் முதல் வசனமோ, "இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்" என்கிறது. தன்னைத் தள்ளிவிட்டதாகக் குற்றஞ்சாட்டுகிறவரும் இரவும் பகலும் கூப்பிடுகிறவரும் ஒரே மனிதர்தான். அந்த ஜெபத்தைத் திருத்தாமல் அப்படியே வேதத்தில் இடம்பெறச் செய்த தேவன், உங்கள் கசப்பைக் கேட்டு அதிர்ச்சி அடையமாட்டார். பிள்ளையில்லாத அன்னாள் மனங்கசந்து அழுது விண்ணப்பம்பண்ணியபோது, ஆசாரியனாகிய ஏலி அவளைக் குடித்திருக்கிறவள் என்று எண்ணினார். கர்த்தரோ அவளை நினைந்தருளினார்.

திரும்பக் கேட்பது அவிசுவாசம் என்ற கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் நம் ஆண்டவரே மூன்றாந்தரமும் "அந்த வார்த்தைகளையே சொல்லி" ஜெபம்பண்ணினார் என்று மத்தேயு எழுதுகிறார். மலைப்பிரசங்கத்தில் அவர் கண்டித்தது, அதிக வசனிப்பினால் கேட்கப்படுவோம் என்ற எண்ணத்தை. வேதனையோடு திரும்பி வருகிறவரை அவர் கண்டிக்கவில்லை. லூக்கா 18-இல், அநீதியுள்ள ஒரு நியாயாதிபதியிடம் விடாமல் நியாயம் கேட்ட விதவையின் உவமையைச் சொன்னதும் நாம் சோர்ந்துபோகாமல் ஜெபிப்பதற்காகத்தான். அங்கே தேவன் அந்த நியாயாதிபதிக்கு ஒப்பானவர் என்று சொல்லப்படவில்லை. அப்படிப்பட்டவனே செவிகொடுத்தால், தம்மால் தெரிந்துகொள்ளப்பட்டவர்களின் கூக்குரலுக்கு தேவன் எவ்வளவு அதிகமாய்ச் செவிகொடுப்பார் என்பதே அதன் கருத்து. (அவரைத் தொந்தரவு செய்தே இணங்கவைக்கலாம் என்று சிலர் போதிப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.)

ஆதித் திருச்சபையின் பெரும் போதகரான அகஸ்டினின் தாய் மோனிகா தம் மகனுடைய மனமாற்றத்துக்காகப் பல ஆண்டுகள் கண்ணீரோடு ஜெபித்தவர். 383-இல் அகஸ்டின் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரிலிருந்து ரோமுக்குப் புறப்பட்டபோது, அவரைப் போகவிடாதேயும் என்று மோனிகா தேவனிடம் மன்றாடினார். மகனோ தாயை ஏமாற்றிவிட்டு இரவோடு கப்பலேறினார். அந்தப் பயணமே அவரை மிலானுக்கும் ஆயர் அம்புரோஸிடமும் கொண்டுசேர்த்தது. 387-இல் அங்கே ஞானஸ்நானம் பெற்றார். அன்றிரவு தாய் கேட்டதைத் தேவன் கொடுக்கவில்லை. அவர் எப்பொழுதும் கேட்டுவந்ததைக் கொடுப்பதற்காகவே அப்படிச் செய்தார் என்று அகஸ்டின் பின்னாளில் எழுதினார்.

எல்லா ஜெபமும் அப்படி முடிவதில்லை. தம் மாம்சத்தில் ஒரு முள் என்று பவுல் குறிப்பிட்ட உபத்திரவம், அவர் மூன்றுதரம் வேண்டியும் நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. என் தாயாரின் சுகத்துக்காக நான் நெடுங்காலம் ஜெபித்தேன், அவர் குணமடையவில்லை. அந்த வலி இன்னும் இருக்கிறது. ஆனாலும் பயத்தையும் கோபத்தையும் உள்ளபடியே சொல்லிச் சொல்லி, தேவனிடம் எதையும் ஒளிக்கத் தேவையில்லை என்ற உறவு எனக்குள் வேரூன்றியது. கேட்டது கிடைத்திருந்தால் நான் மிகவும் மகிழ்ந்திருப்பேன் என்பதையும் அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

ஆகவே இன்று 13-ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசித்து, "எதுவரைக்கும்" என்று வரும் இடங்களில் உங்கள் காரியத்தைப் பெயரிட்டுச் சொல்லுங்கள். அழகான வார்த்தைகளைத் தேடவேண்டாம். மன்னிக்க மனமில்லை என்றால் மனமில்லை என்றே சொல்லுங்கள். நீங்கள் நம்பும் ஒரு விசுவாசியிடம் இந்தப் பாரத்தைப் பகிர்ந்து, உங்களால் ஜெபிக்கவே முடியாத நாட்களில் உங்களுக்காக அவரை ஜெபிக்கச் சொல்லுங்கள்.