'வை' என்ற ஆங்கில வினைச்சொல்லின் பொருள் என்ன? 'கம்பீட்' என்பதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

வி, ஐ, இ, மூன்றே எழுத்து. உச்சரிப்பு, நாம் 'கீழே வை' என்று சொல்கிறோமே, அதே வைதான். அகராதியைப் புரட்டினால் 'போட்டியிடு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். கம்பீட் என்பதற்கும் அதுவே, கன்டெஸ்ட் என்பதற்கும் அதுவே, அப்புறம் குழப்பம் வராமல் என்ன செய்யும்? தண்டையார்பேட்டையில் சாயங்காலங்களில் வங்கித் தேர்வு, எஸ்எஸ்சி தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். இந்தச் சந்தேகம் ஏறக்குறைய எல்லா பேட்சிலும் வருகிறது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ஒன்று இருக்கிறது, அது எல்லாருக்கும் கிடைக்காது, வேண்டும் என்பவர்களோ பல பேர், அதற்காக ஒருத்தரை ஒருத்தர் முந்தப் பார்க்கிறார்கள். இதுதான் வை. நடுவர் வேண்டாம், விதிமுறை வேண்டாம், யாரும் பெயர் கொடுத்துப் பதிவு செய்யவும் வேண்டாம். தீபாவளிக்கு முந்தைய வாரம் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நடந்து பாருங்கள். நாலு அடி வைப்பதற்குள் ஒரு கடைப் பையன் "அக்கா உள்ள வாங்க, சும்மா பாருங்க, எடுக்கணும்னு இல்ல" என்று புடவையை விரித்துக் காட்டுவான், அதற்குள் எதிர்க்கடைக்காரர் கைதட்டிக் கூப்பிடுவார், நீங்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் இன்னொருத்தர் முகம் வாடும். 'ஷாப்ஸ் ஆர் வையிங் ஃபார் கஸ்டமர்ஸ்'. இங்கே 'கம்பீட்டிங்' என்று போட்டாலும் தப்பில்லை. ஆனால் அந்த இழுபறியும் துடிப்பும் வை என்பதில்தான் தெரியும். தமிழில் எனக்கு இதற்குக் கிட்டத்தில் தோன்றுவது முட்டிமோதுவது, முண்டியடிப்பது, சில இடங்களில் மல்லுக்கட்டுவது.

இதையே திருப்பிப் போட முடியாது. கம்பீட் வருகிற எல்லா இடத்திலும் வை வராது. புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரைச் சேர்ந்த காசிமா 2024ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினாரே, ஆட்டோ ஓட்டுநரின் மகள், அவரைப் பற்றி எழுதும்போது 'ஷி கம்பீட்டட் இன் தி வேர்ல்ட் கப்' என்றுதான் எழுத வேண்டும். 'வைட் இன் தி வேர்ல்ட் கப்' என்றால் காதில் உதைக்கும். ஒரு போட்டியில் முறைப்படி கலந்துகொள்வதற்கு கம்பீட், பக்கத்தில் 'இன்'. அந்தத் தங்கத்தின் மேல் கண் வைத்து மோதியதைச் சொன்னால் 'வைட் ஃபார் தி கோல்ட்' சரி.

தேர்தலுக்கு வரும்போது மூன்றாவது ஆளான கன்டெஸ்ட் நுழைகிறது. நம் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017 டிசம்பரில் டி.டி.வி. தினகரன் சுயேச்சையாக குக்கர் சின்னத்தில் நின்று ஜெயித்தார். அவர் தொகுதியில் நின்றதற்கு 'கன்டெஸ்டட்'. ஆனால் அதற்கு முன்பே அ.தி.மு.க.வின் இரண்டு அணிகள் இரட்டை இலை எங்களுக்குத்தான் என்று தேர்தல் ஆணையத்தின் முன் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தன இல்லையா, நவம்பரில்தான் எடப்பாடி பழனிசாமி, ஓ.பன்னீர்செல்வம் தரப்புக்குச் சின்னம் போனது, அதற்கு 'வைட் ஃபார் தி சிம்பல்' என்று எழுதலாம். இன்னொன்று, தேர்தலில் நிற்பதற்கு கன்டெஸ்ட் என்பது நம் நாட்டுப் பத்திரிகை ஆங்கிலத்தில் அதிகம். பிரிட்டனில் 'ஸ்டேண்ட்' என்பார்கள், அமெரிக்காவில் 'ரன்' என்பார்கள். கன்டெஸ்ட் என்பதற்கு 'ஒத்துக்கொள்ளாமல் எதிர்த்து வாதாடு' என்றும் ஒரு பொருள் உண்டு, உயிலை எதிர்த்துக் கேஸ் போட்டால் 'கன்டெஸ்ட் தி வில்'. வை என்பதற்கு அந்த வேலை கிடையாது.

எனக்கு இந்தச் சொல்லில் ரொம்பப் பிடித்த விஷயம் அது வந்த வழி. இது சீட்டாட்ட மேசையிலிருந்து வந்தது. பழைய பிரெஞ்சில் 'ஆன்வியே' என்றால் சவால் விடு, பந்தயத்தை ஏற்று என்று பொருள். அதற்கும் பின்னால் போனால் லத்தீன் 'இன்விட்டாரே', அதாவது இன்று நாம் கல்யாணப் பத்திரிகையில் போடும் இன்வைட் பிறந்த அதே வேர். பார்ப்பதற்கு என்வி, அதாவது பொறாமை, அந்த வகையறா போலத் தோன்றும், ஆனால் அது வேறு வேர். 16ம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் எதிராளி வைத்த பணத்துக்கு மேல் வைப்பதுதான் இந்தச் சொல்லின் வேலை. நாமும் பந்தயம் 'வைக்கிறோம்' என்பது தற்செயல்தான், அதை வைத்து யாரும் தமிழிலிருந்து போனது என்று கிளம்பிவிடாதீர்கள்.

இந்த ஏற்றிக் கேட்கிற சங்கதியைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் விடியற்காலையில் காசிமேடு போக வேண்டும். படகிலிருந்து இறக்கிய வஞ்சிரத்தை வரிசையாகப் போட்டு ஏலம் ஆரம்பிப்பார்கள். ஒருத்தர் ஒரு விலை சொல்ல, பக்கத்தில் கூடையோடு நிற்கும் அம்மா அதற்கு மேல் நூறு சொல்ல, பின்னாலிருந்து ஹோட்டல்காரர் இன்னொரு நூறு ஏற்ற, ஏலக்காரர் ஒரு மூச்சு விடாமல் விலையை ஓதிக்கொண்டே போவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, மீன் வரத்து குறையும், அப்போது வந்த கொஞ்சத்துக்கு நடக்கிற இழுபறி இன்னும் சூடாக இருக்கும். 'தி பையர்ஸ் ஆர் வையிங் வித் ஈச் அதர் ஃபார் தி ஃபிஷ்'.

அந்த வாக்கியத்திலேயே இலக்கணமும் இருக்கிறது. யாரோடு மோதுகிறார்களோ அவர்களுக்கு முன் 'வித்', எதற்காக மோதுகிறார்களோ அதற்கு முன் 'ஃபார்'. 'வை டு வின்' மாதிரி வினையோடு 'டு' போட்டும் எழுதலாம். கன்டெஸ்ட் போல நேராகப் பெயர்ச்சொல்லைத் தூக்கி ஒட்டவைக்கக் கூடாது, 'வையிங் தி சீட்' தப்பு, 'வையிங் ஃபார் தி சீட்' சரி. செயப்பாட்டு வினையும் ஆகாது, 'தி சீட் வாஸ் கன்டெஸ்டட்' என்று வரும், 'வாஸ் வைட்' வராது. எழுத்தில்தான் நிறைய பேர் மார்க் விடுகிறார்கள். இறந்தகாலம் வி-ஐ-இ-டி, சிக்கல் இல்லை. 'இங்' சேரும்போது ஐ, இ இரண்டும் போய் ஒய் வந்துவிடும், வி-ஒய்-ஐ-என்-ஜி. சாவதைச் சொல்கிற டை (டி-ஐ-இ) டையிங், பொய் சொல்கிற லை லையிங், கட்டுவதைச் சொல்கிற டை (டி-ஐ-இ அல்ல, டீ-ஐ-இ) டையிங், எல்லாம் இதே கணக்குதான்.

பேச்சில் இதை அதிகம் கேட்க மாட்டீர்கள். பத்திரிகைத் தலைப்பில்தான் கொழிக்கிறது, மூன்று எழுத்தில் காரியம் முடிந்தால் இடம் மிச்சம் பாருங்கள். நேர்முகத் தேர்வில் வாயால் சொல்ல வேண்டுமென்றால் கம்பீட் போதும், யாரும் குறைவாக நினைக்கப் போவதில்லை. அப்புறம், 'போட்டி' என்று பெயர்ச்சொல்லாகச் சொல்ல காம்பெடிஷன், 'போட்டியாளர்' என்பதற்கு கன்டெண்டரோ ரைவலோ போட்டுக்கொள்ளுங்கள். வை என்பதிலிருந்து 'வையர்' என்று ஒன்றை நீங்களாக உண்டாக்கினால் கேட்பவர் கரண்ட் கம்பி என்றுதான் நினைப்பார்.