திரையில் ஒரு முகம்: கேள்வி பதில்

முகக்குறிப்பைப் பற்றி மட்டும் கேளுங்கள். எந்தக் கேமரா வாங்கலாம் என்றால் பதில் வராது.

கே: வீடியோ அழைப்பில் படம் மங்கினாலும் அம்மா சிரிப்பது தெரிகிறது, பயப்படுவது தெரிவதில்லை. ஏன்?

ப: சிரிப்பு வாயில் இருக்கிறது. இழுபட்ட உதடும் தெரியும் பல்லும் பெரிய வடிவங்கள், மங்கலிலும் பிழைத்துக்கொள்ளும். பயம் விரிந்த கண்ணின் மெல்லிய வெள்ளை விளிம்பில் இருக்கிறது. முதலில் அழிவது அதுதான். 1973இல் ஹார்மன், ஜூலெஸ் என்ற ஆய்வாளர்கள் ஆபிரகாம் லிங்கன் முகத்தைப் பெரிய சதுரக் கட்டங்களாக மாற்றிக் காட்டினார்கள். கிட்டே போனால் வெறும் கட்டம், கண்ணைச் சுருக்கினால் லிங்கன்! கட்டங்களின் கூரான ஓரங்களே முகத்தை மறைத்திருந்தன. ஆகவே படம் கட்டம் கட்டமாக உடைந்தால் திரையை நெருங்காதீர்கள், தள்ளி உட்காருங்கள். அசைவையும் விடாதீர்கள். 1978இல் பசீலி என்ற ஆய்வாளர், முகத்தில் ஒட்டிய வெள்ளைப் புள்ளிகளை மட்டும் இருட்டில் காட்டினார். புள்ளிகள் நின்றபோது குழம்பியவர்கள், அசைந்ததும் உணர்ச்சியைச் சொன்னார்கள். உறைந்துபோன ஒரு காட்சியை வைத்து அம்மாவின் மனத்தைக் கணிக்காதீர்கள்.

கே: முகத்தைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிப்பது எப்படி ஐயா?

ப: முடியாது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் மனிதர்கள் சரியாகச் சொல்வது நூற்றுக்கு 54 முறை. காசைச் சுண்டினாலே 50.

கே: உளவியலாளர் எக்மன் முகத்தில் தெரியும் அடிப்படை உணர்ச்சிகள் ஆறு என்றார். தொல்காப்பியர் அன்றே எட்டு சொல்லிவிட்டாரே?

ப: சொன்னார். ஆனால் இரண்டு பட்டியலையும் கோடு போட்டு இணைக்காதீர்கள். தொல்காப்பியரின் எட்டில் ஒன்றான இளிவரலை எக்மனின் அருவருப்போடு சேர்க்கிறார்கள். தொல்காப்பியரோ அது மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகியவற்றால் வருவது என்கிறார். அது வேறு.

கே: எட்டு ஆறைவிடப் பெரிதுதானே?

ப: இங்கே ஏலமா நடக்கிறது? நீங்கள் பெருமைப்பட வேண்டியது எண்ணிக்கைக்காக அல்ல. அவர் சொன்னது மெய்ப்பாடு, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சி; முகப்பாடு அல்ல. பெருமிதத்தைப் பாருங்கள்: நிமிர்ந்த தலை, விரிந்த நெஞ்சு. கழுத்தோடு வெட்டும் திரையில் அதில் பாதி போய்விடுகிறது.

கே: பொய் சொல்பவர் கண்ணைத் திருப்புவாராமே?

ப: பொய்யைப் பற்றி முன்பே சொன்ன பதிலைப் படியுங்கள்.

கே: என் மகனுக்குப் பிறர் முகக்குறிப்பு புரிவதில்லை.

ப: என்னிடம் கேட்காதீர்கள், குழந்தை வளர்ச்சி மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். வீடியோ அனுப்பவேண்டாம்.

கே: நேர்காணலில் பொய் சொல்பவரை...

ப: 54.