மல்லிகை மொட்டு ஊதாவாகிக் கருகுகிறது: எந்த மருந்து அடிக்கலாம்?

கேள்வி: ஐயா, வணக்கம். நிலக்கோட்டைப் பக்கம் 40 சென்ட்டில் குண்டுமல்லி போட்டிருக்கிறேன். ஐந்து வயதுச் செடி, ஆயிரம் தேறும். ஐப்பசி மழை விட்டதிலிருந்து மொட்டு அடிப்பக்கம் வீங்கி, சிவந்து, ஊதாவாகிக் காய்ந்து கொட்டுகிறது. தப்பிப் பறிக்கிற மொட்டும் சாயங்காலம் விரிவதில்லை, வாசமில்லை என்று கமிஷன் கடையில் கழிக்கிறார்கள். உரக்கடைக்காரர் கொடுத்த மோனோகுரோட்டோபாஸ் பூச்சிமருந்தையும் பூ டானிக்கையும் கலந்து வாரம் ஒன்றாக மூன்று முறை அடித்தாயிற்று. இலை மஞ்சளடிக்கிறது என்றேன், யூரியா ஒரு மூட்டை போடச் சொன்னார், போட்டேன். போன வருஷம் தை, மாசி விலையை விட மனசில்லாமல் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யவில்லை. இந்த வருஷமும் அப்படியே ஓட்டலாமா என்று பார்க்கிறேன். வரப்போரம் வீட்டுக்குக் கொஞ்சம் கத்தரி, பாகல் இருக்கிறது. எந்த மருந்து அடித்தால் கேட்கும்?

பதில்: இப்போதைக்கு எந்த மருந்தும் கேட்காது. நீங்கள் சொல்கிற அடையாளமெல்லாம் மொட்டு ஈயைக் காட்டுகிறது. எதற்கும் ஒரு தடவை கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். விடியற்காலை பூப்பறிக்கும்போது, வீங்கிய மொட்டு பத்தை எடுத்து, பிளேடால் நெடுக்காகப் பிளந்து, வெள்ளைத் தாளில் தட்டி, தலைவிளக்கை அருகில் காட்டிப் பாருங்கள். ஒரே மொட்டுக்குள் வெள்ளையும் வெளிர்மஞ்சளுமாகப் பல பொடிப்புழுக்கள் நெளிந்து, தாளில் விழுந்ததும் உடம்பை வளைத்துத் துள்ளினால் அது மொட்டு ஈயின் புழு. மொட்டில் துளை இருந்து, உள்ளே கருந்தலையோடு ஒரே ஒரு பச்சைப்புழு, பக்கத்து மொட்டுகளையும் நூலால் பின்னி எச்சம் தள்ளியிருந்தால் அது மொட்டுப்புழு. இரண்டிலும் மொட்டு ஊதாவாகும் என்பதால்தான் நிறத்தை மட்டும் சொன்னால் கடையில் ஏதாவது ஒன்றைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள்.

மொட்டு ஈ இளமொட்டில் முட்டை வைக்கும். புழு மூடிய மொட்டுக்குள்ளேயே ஒரு வாரம் போலத் தின்று வளர்ந்து, மொட்டோடு விழுந்தோ தானே துள்ளியோ மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகிவிடும். மண்ணிலிருந்து ஈயாக வெளியே வர இன்னும் இரண்டு மூன்று வாரம். ஆக முட்டையிலிருந்து ஈ வரை மூன்று நாலு வாரம். நீங்கள் இலைமேல் அடிக்கிற நேரத்தில் பாதிக் கூட்டம் மொட்டுக்குள், மீதிக் கூட்டம் மண்ணுக்குள். “இது உள்ளே ஊடுருவிப் பாயும் மருந்து” என்று கடைக்காரர் சொல்வார். பாயட்டும், மண்ணில் கிடப்பது அடுத்த வாரம் கிளம்பி வருமே!

மோனோகுரோட்டோபாஸைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காய்கறிக்கு 2005-லேயே தடை செய்த மருந்து அது. பழைய பரிந்துரைத் தாளைக் காட்டி இன்னமும் மல்லிகைக்குத் தள்ளிவிடுகிறார்கள். விடிவதற்கு முன்னால் வெறுங்கையால் பறிக்கிறார்கள், அன்றைக்கே இன்னொருவர் விரலால் தொடுக்கிறார், ராத்திரி முழுக்கத் தலையில் இருக்கிறது. அதன்மேல் இதை அடிக்கவே கூடாது. கையில் மீதி இருந்தாலும் அடிக்காதீர்கள். அதற்குப் பதிலாக ஏதாவது பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து கொடுத்தால் அதுவும் வேண்டாம், இலைச்சாற்றை உறிஞ்சும் சிலந்திப்பேனைத் தின்னும் நல்ல பூச்சிகள் செத்து, கோடையில் இலையெல்லாம் வெளுத்துப்போகும்.

டானிக்குக்கு வருவோம். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். என்ன சத்து, எத்தனை சதவீதம் என்று அச்சடித்திருக்கிறதா? இல்லையென்றால் அடுத்த முறை கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். எதை வாங்கினாலும் பில் கேளுங்கள். பில் தரத் தயங்குகிற கடையில் வாங்கினால் நாளைக்கு யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி கவாத்தைப் பற்றியது. இரண்டு வருஷமாக உங்கள் தோட்டத்தில் மொட்டில்லாத நாளே கிடையாது, அதாவது ஈக்குப் பட்டினி நாளே கிடையாது. கார்த்திகை நடுவில் வெட்டினால் அடுத்த மொட்டு வர மூன்று மாதம் போல ஆகும். ஈக்கு அது மூன்று தலைமுறைக் காலம். மண்ணில் கிடப்பது ஈயாகி வெளியே வந்தாலும் முட்டை வைக்க மொட்டு இருக்காது. எந்த டப்பாவும் இதைச் செய்யாது. தை மாத விலை உயரக் காரணம், பனியில் யார் தோட்டத்திலும் பூ இல்லாததுதான். வெட்டாத செடி அப்போது கொடுக்கிற கைப்பிடிப் பூவுக்காக, பங்குனியிலிருந்து வரும் முழு மகசூலையும் ஈக்குக் கொடுக்கிறீர்கள். பாதித் தோட்டத்தை இப்போதும் மீதியைப் பிறகும் வெட்டலாமே என்று தோன்றும். வேறு வருஷமாக இருந்தால் சரி என்பேன். ஈ இருக்கும்போது கூடாது, வெட்டாத பாதி அதற்குத் தங்குமிடம்.

நவம்பர் கடைசி வாரத்துக்குள் முடியுங்கள். சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில், கூரான கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டுங்கள். அரிவாளால் கொத்தினால் தண்டு பிளந்து, பிளவில் பூசணம் இறங்கும். காய்ந்தது, குறுக்கே ஓடுவது, நோயடித்தது எல்லாம் அடியோடு போகட்டும். வெட்டுவாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு பூசண மருந்தைக் குழைத்துத் தடவுங்கள். வெட்டிய கிளையை வரப்பில் குவிக்காமல் வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள். பிறகு செடியடியில் மேல்மண்ணை லேசாகக் கொத்திவிட்டு ஒரு வாரம் வெயில் காட்டுங்கள், கூட்டுப்புழு அங்கேதான் கிடக்கிறது. அதன்பின் செடிக்கு 10 கிலோ தொழுவுரம், 100 கிராம் வேப்பம்புண்ணாக்கு. வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை வருஷத்துக்குச் செடி ஒன்றுக்கு தழைச்சத்து 60, மணிச்சத்து 120, சாம்பல்சத்து 120 கிராம். கவாத்துக்குப் பின் பாதி, ஜூன்–ஜூலையில் பாதி. ஒரு தவணைக்கு யூரியா 65, சூப்பர் பாஸ்பேட் 375, பொட்டாஷ் 100 கிராம் வரும். வெறும் யூரியா கொட்டினால் தளிர் கொழுக்கும், மொட்டு கட்டாது.

அதுவரை வீங்கிய, நிறம் மாறிய மொட்டு ஒன்றுவிடாமல் தினமும் பறித்து, கீழே கொட்டியதையும் பொறுக்கி, கறுப்பு பாலிதீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள். குப்பைக்குழியில் வீசினால் அங்கிருந்து ஈ திரும்பி வரும். ஐந்து கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ராத்திரி ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, காதி சோப்புக் கரைசல் சேர்த்து, பறித்து முடித்த அன்று சாயங்காலம் இளமொட்டிலும் செடியடி மண்ணிலும் படும்படி தெளியுங்கள். இது ஈயைக் குறைக்கும், ஒழிக்காது.

மஞ்சளுக்கு யூரியா போடுமுன் எந்த இலை என்று பார்த்திருக்க வேண்டும். கொழுந்திலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. கவாத்துக்குப் பின் வரும் தளிரில் லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கலந்து அடித்தால் தெளியும். அங்கங்கே திட்டுத் திட்டாகச் செடி குன்றியிருந்தால் ஒரு வேரைத் தோண்டிப் பாருங்கள். முடிச்சு இருந்தால் நூற்புழு, அந்த வேரையும் மண்ணையும் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரிடம் காட்டுங்கள்.

போகிற போக்கில் எழுதிய கத்தரியும் பாகலும் சாதாரண விஷயமில்லை. இந்த ஈ அவற்றின் மொட்டிலும் பெருகும். மல்லிகையை வெட்டிவிட்டு அவற்றை வரப்பில் விட்டால் மூன்று மாதப் பட்டினி வீண். கவாத்து அன்றைக்கே பிடுங்கிவிடுங்கள், பக்கத்துத் தோட்டக்காரரையும் அதே வாரத்தில் கவாத்து செய்யச் சொல்லிப் பாருங்கள்.