5-ஹெச்டிபி மாத்திரையோடு மனச்சோர்வு மருந்தும் எடுக்கலாமா?

கேள்வி: தூக்கமின்மைக்காக ஆறு வாரங்களாக இரவில் 100 மில்லிகிராம் 5-ஹெச்டிபி எடுத்து வருகிறேன். முதல் இரண்டு வாரம் நல்ல தூக்கம், மனமும் தெளிவாக இருந்தது. இப்போது குமட்டலும் விநோதமான கனவுகளும்தான் மிச்சம். மருத்துவர் மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோபிராம் எழுதிக் கொடுத்திருக்கிறார், இன்னும் தொடங்கவில்லை. 5-ஹெச்டிபி பற்றி அவரிடம் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்து எடுக்கலாமா?

பதில்: சேர்த்து எடுக்க வேண்டாம். புதிய மருந்தின் முதல் மாத்திரையைப் போடுவதற்கு முன்பே மருத்துவரை அழைத்து, எதை, எவ்வளவு, எத்தனை நாளாக எடுக்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள்; எப்போது நிறுத்துவது, எவ்வளவு இடைவெளி விடுவது என்பதை அவர் தீர்மானிக்கட்டும்.

உணவுப் புரதத்திலுள்ள டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தை உடல் முதலில் 5-ஹெச்டிபியாகவும், பிறகு வைட்டமின் பி6 துணையோடு, நரம்பணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் செரோட்டோனினாகவும் மாற்றுகிறது. இரவில் சுரக்கும் தூக்க ஹார்மோனான மெலட்டோனினும் அந்தச் செரோட்டோனினிலிருந்தே உருவாகிறது. இதில் முதல் படிதான் உற்பத்தியின் அளவைக் கட்டுப்படுத்தும் மடை. நீங்கள் விழுங்கும் மாத்திரை அந்த மடையைத் தாண்டியே உள்ளே போகிறது. எஸ்சிட்டலோபிராமோ, வெளிவந்த செரோட்டோனினை நரம்பணுக்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்வதைத் தடுக்கிறது. வரத்தும் கூடி வடிகாலும் அடைபட்டால், செரோட்டோனின் மிகையால் கைநடுக்கம், மிகுந்த வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு, தசைத் துடிப்பு ஆகியவை தோன்றலாம். முற்றினால் கடும் காய்ச்சலும் மனக்குழப்பமும் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். இந்த அறிகுறிகள் எப்போது தெரிந்தாலும் அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டும். டிராமடால் என்ற வலிநிவாரணியும், சில இருமல் மருந்துகளில் உள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபானும் இதே காரணத்தால் 5-ஹெச்டிபியோடு சேரக் கூடாதவை.

இது இயற்கையானது, ஆகவே கெடுதல் செய்யாது என்று பலர் நம்புகிறார்கள். கிரிஃபோனியா என்ற மேற்கு ஆப்பிரிக்கச் செடியின் விதையிலிருந்துதான் இது பெரும்பாலும் எடுக்கப்படுகிறது. ஆனால் விதையிலிருந்து வந்ததாலேயே உடலுக்குள் அது செய்யும் வேலை மாறிவிடுவதில்லை.

முதல் இரண்டு வாரம் நீங்கள் நன்றாகத் தூங்கியது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் தூக்கமின்மை தானாகவே ஏறி இறங்கும் இயல்புடையது என்பதால், மாத்திரைதான் காரணம் என்று ஒருவரின் அனுபவத்தை மட்டும் கொண்டு சொல்ல முடியாது. மனச்சோர்வுக்கு டிரிப்டோஃபானும் 5-ஹெச்டிபியும் பயன்படுமா என்று 2002இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் குழுவினர் 108 ஆய்வுகளைப் பரிசீலித்தபோது, தரம் போதுமானதாக இருந்தவை இரண்டே. அவற்றில் பங்கேற்றவர்கள் 64 பேர். போலி மாத்திரையைவிட இவை மேலாகத் தோன்றினாலும், உறுதியாகப் பரிந்துரைக்க அந்தச் சான்று போதவில்லை.

குமட்டலுக்கு உங்கள் வயிற்றைக் குறை சொல்ல வேண்டியதில்லை. உடலின் செரோட்டோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது. மாத்திரையின் ஒரு பகுதி மூளைக்குப் போகும் முன்பே அங்கு செரோட்டோனினாக மாறிவிடுகிறது.

மருத்துவரைப் பார்க்கும்போது மாத்திரை டப்பாவையே எடுத்துச் செல்லுங்கள். அதில் வேறு மூலிகைகளோ மெலட்டோனினோ கலந்திருக்கலாம். இடையில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால், அடுத்த சந்திப்புக்காகக் காத்திராமல் அன்றே உதவி கேளுங்கள்.